டெக்ஸாஸ் ஸ்விங்கில் ஸ்டீல் கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

ஹவாய்க்காரர்கள் வாசித்த மடிகிட்டார் டெக்ஸாஸ் நடனக் கூடங்களுக்கு எப்படிப் போனது? கன்ட்ரி இசையும் ஜாஸும் கலந்த நடன இசையான வெஸ்டர்ன் ஸ்விங்கில் அதை முதலில் வாசித்தவர் யார்?
– வாசகர், ஹூஸ்டன்

கிட்டாரை மடியில் படுக்கவைத்து, தந்திகள் மீது 'பார்' என்னும் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் இந்த ஸ்டீல் கிட்டார் முறையை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாயில் வளர்த்துப் பரப்பியவர் ஜோசஃப் கெகுகு. 1915-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதையும் ஹவாய் இசை மோகம் பிடித்துக்கொண்டது. டெக்ஸாஸ், ஓக்லஹோமா இளைஞர்கள் பலர் அந்த அலையில்தான் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் பாப் டன். ஃபோர்ட் வொர்த் நகரில் இயங்கிய மில்டன் பிரவுன் குழுவோடு 1935 ஜனவரியில் சிகாகோவில் டெக்கா நிறுவனத்துக்காக அவர் வாசித்த பதிவுகளே, மின்னொலி ஸ்டீல் கிட்டார் கேட்கும் முதல் கன்ட்ரி இசைத்தட்டுகளாகக் கருதப்படுகின்றன. அவர் கையில் இருந்தது சாதாரண மார்ட்டின் மரக்கிட்டார். நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டையை) உயர்த்தி, தந்திகளுக்குக் காந்தமேற்றி, மேலே அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப் ஒன்றைப் பொருத்திக்கொண்டார்.

மின்சாரத்தைவிட முக்கியமானது அவர் வாசித்த விதம். ஹவாய்ப் பாணியின் நீண்ட இழைப்பை விட்டுவிட்டு, ஜாஸ் டிராம்போன்காரர் ஊதுவது போலச் சுரங்களை வெட்டி வெட்டி வைத்தார். பின்னால் வந்த எல்லோருக்கும் வழி போட்டது அந்த வெட்டுதான். அதே 1935-இல் 18 வயது லியோன் மெக்காலிஃப் டல்ஸாவில் பாப் வில்ஸ் குழுவில் சேர்ந்தார். கே.வி.ஓ.ஓ வானொலி வழியாகத் தினமும் அவர் வாசிப்பு வீடுகளுக்குள் நுழைந்தது.

வீட்டில் பழைய ஆறுதந்திக் கிட்டார் ஒன்று கிடக்கிறது. அதையே ஸ்டீல் கிட்டாராக மாற்ற முடியுமா? சி6 ட்யூனிங் வைத்தபோது நாலாவது தந்தி அறுந்துவிட்டது.
– வாசகர், கோவை

முடியும். எக்ஸ்டென்ஷன் நட் என்ற உலோக உறை கடையில் கிடைக்கும். இருக்கும் நட் மீது அதைக் கவிழ்த்தால் தந்தி சுமார் 10 மி.மீ. உயரும். பார் எங்கே அழுத்தினாலும் தந்தி ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பியை) தொடக்கூடாது, அவ்வளவுதான். உயரம் போதாவிட்டால் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே 'கர்ர்' என்று உரசும். அப்போது தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜிலும் கொஞ்சம் உயர்த்துங்கள்.

தந்தி அறுந்ததற்குக் காரணம் கணக்கு. சி6 என்பது தடித்த தந்தியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. (சி-யை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் ச, க, ப, த, ச, க. மோகனத்திலிருந்து ரிஷபத்தை எடுத்துவிட்டால் இதுதான்.) வழக்கமான ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ-யிலிருந்து இதற்குப் போனால் நாலாவது தந்தி (எண்ணிக்கை மெல்லிய தந்தியிலிருந்து) டி-யிலிருந்து ஜி-க்கு, அதாவது ஐந்து அரைச்சுரம், ஏற வேண்டும். அந்தத் தடிமனில் தாங்காது. ஐந்தாவது தந்தி ஏ-யிலிருந்து ஈ-க்கு இறங்குவதால் தொய்ந்து, பார் அழுத்தும்போதே சுருதி பிசகும். ஆகவே செட்டாக வாங்காமல் தந்திகளைத் தனித்தனியாக வாங்குங்கள்.

25.5 அங்குல நீளமுள்ள சாதாரணக் கிட்டாருக்கு மெல்லிய தந்தியிலிருந்து: 0.013, 0.016, 0.018 அங்குலத்தில் சுற்றில்லாத மூன்று, 0.024, 0.028, 0.036-இல் சுற்றுத்தந்தி மூன்று. மொத்த இழுவிசை சாதாரண லைட் செட் அளவுதான் வரும், கிட்டாரின் மேற்பலகை வளையாது. 22.5 அங்குல லேப் ஸ்டீல் (மடியில் வைத்து வாசிக்கவே செய்த ஸ்டீல் கிட்டார்) என்றால் நீளம் குறைவதால் கொஞ்சம் தடிமன் வேண்டும்: 0.015, 0.018, 0.020, பிறகு சுற்றுத்தந்தியில் 0.024, 0.030, 0.036.

பார் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆறு தந்திக்கு முக்கால் அங்குல விட்டமும் சுமார் 73 மி.மீ. நீளமும் கொண்ட, முனை உருண்ட பார் வாங்குங்கள். எடை 150 கிராம் அளவில் இருக்கும். பாட்டில்நெக் கண்ணாடிக் குழாயும் லேசான பித்தளைக் குழாயும் இதற்கு ஆகாது. எடை குறைந்தால் கை அழுத்த வேண்டியிருக்கும். கை அழுத்தினால் சுருதி ஏறும்.

பழைய பதிவுகளில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறிக்கிறது. நான் வாசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி ஓடுகிறது. ஆம்ப் மாற்ற வேண்டுமா?
– வாசகர், சிங்கப்பூர்

ஆம்ப்பைத் தொடாதீர்கள். குறை பிளாக்கிங்கில், அதாவது சுரத்தை நிறுத்தும் வேலையில் இருக்கிறது. சாதாரணக் கிட்டாரில் விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடும். இங்கே பாரை எடுத்தாலும் தந்தி பாடிக்கொண்டே இருக்கும். வெஸ்டர்ன் ஸ்விங் ஸ்டீலில் பாதி வித்தை மீட்டுவதில் என்றால் மறுபாதி நிறுத்துவதில். மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு முதலில் இதைக் கைக்குக் கொண்டுவாருங்கள்.

வலக்கையில் இரண்டு முறை உண்டு. பாம் பிளாக்கிங்கில், மீட்டியவுடன் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பு பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் தந்திகள் மீது படிய வேண்டும். பிக் பிளாக்கிங்கில், மீட்டிய அதே விரல், அதில் மாட்டிய பிக்கோடு (மீட்டும் துண்டோடு) திரும்பிவந்து அதே தந்தியில் அமர வேண்டும். பழைய ஸ்விங் ஒலிக்குப் பாம் முறையே நெருக்கமானது. ஒற்றைத் தந்தி ஓட்டங்களை வேகமாக வாசிக்கும்போது பிக் முறை கை கொடுக்கும். முதல் மாதத்தில் பாம் மட்டும் போதும்.

இடக்கையிலும் வேலை இருக்கிறது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால், நட் பக்கம், தந்திகள் மீது லேசாகப் படுத்துக்கொண்டே கூட வர வேண்டும். அவை தூக்கி நின்றால் பாருக்குப் பின்னால் உள்ள தந்திப்பகுதியும் சேர்ந்து அதிரும். கலங்கல் என்று நீங்கள் நினைப்பதில் பாதி அங்கிருந்து வரும்.

பயிற்சி: மெட்ரனோமை (தாளக் கருவியை) நிமிடத்துக்கு 80 தட்டில் வையுங்கள். 5-ஆவது ஃப்ரெட்டில் இரண்டாவது தந்தி. தட்டில் மீட்டு, தட்டுகளுக்கு நடுவில் நிறுத்து. அடுத்து 7-ஆவது ஃப்ரெட். வரிசை இதுதான்: மீட்டு, நிறுத்து, நகர், மீட்டு. நகர்ந்த பிறகு நிறுத்தினால் இரண்டு சுரங்களுக்கும் நடுவே 'வூஉம்' என்ற வழுக்கல் கேட்கும். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. ஒலியை நிறுத்தப் பாரையே தூக்கிவிடுவது இன்னொரு தவறு. 'டங்' என்று உலோகச் சத்தம் வரும். வாசிப்பு ஓடும்வரை பார் தந்தியை விட்டு எழவே கூடாது. மூன்றாவது, உள்ளங்கையை மேலிருந்து போடுவது. அது 'தப்' என்று விழும் சத்தம் பிக்கப்பில் ஏறும். கை எப்போதும் தந்திக்கு 2, 3 மி.மீ. உயரத்திலேயே காத்திருக்கட்டும்.

சுத்தமாக வந்தபின் ஒரே சுரத்தை மூன்று நீளத்தில் வாசியுங்கள்: முழுத்தட்டு, அரைத்தட்டு, தொட்டதும் வெட்டு. இந்த மூன்றும் கைவசம் வந்தால் வாத்தியம் பேசத் தொடங்கும்.

விப்ராட்டோ நீண்டு நிற்கும் சுரத்தின் கடைசியில் மட்டும். எல்லாச் சுரத்தையும் ஆட்டினால் ஹவாய் ஆகிவிடும்.

சி6-இல் மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) எளிதாகக் கிடைக்கிறது. செவன்த், நைன்த் எங்கே? ப்ளூஸ் பாட்டில் மாட்டிக்கொள்கிறேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

மேஜர் இடங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: எஃப் 5-இல், ஜி 7-இல், சி 12-இல். டாமினன்ட், அதாவது நீங்கள் கேட்கும் செவன்த், நைன்த் வகை, வேண்டுமானால் அந்த மேஜர் இடத்திலிருந்து இரண்டு ஃப்ரெட் இறங்கி, மெல்லிய மூன்று தந்திகளை மட்டும் மீட்டுங்கள். சி-க்கு 10, எஃப்-க்கு 3, ஜி-க்கு 5.

ஏன் என்று பாருங்கள். 10-ஆவது ஃப்ரெட்டில் மேல் மூன்று தந்திகள் டி, பி ஃப்ளாட், ஜி. இவை சி நைன்த் கார்டின் ஒன்பதாவது, ஏழாவது, ஐந்தாவது சுரங்கள். அடிச்சுரத்தை பேஸ் கொடுக்கும், மூன்றாவதை கிட்டாரோ பியானோவோ கொடுக்கும். தனியாக உட்கார்ந்து வாசித்தால் இது ஜி மைனர் போலத்தான் கேட்கும். பேஸ் நுழைந்ததும் நைன்த் ஆகிவிடும். குழுவோடு சேர்ந்தால்தான் விளங்கும் கார்ட் இது. தனிப்பயிற்சியில் பின்னணித் தாளம் ஒன்றை ஓடவிட்டுக்கொள்ளுங்கள்.

முழுச் செவன்த் வேண்டுமானால் தடித்த சி தந்தியை அரைச்சுரம் ஏற்றி சி ஷார்ப் ஆக்குங்கள். கீழ் நான்கு தந்திகளும் சேர்ந்து ஏ செவன்த் ஆகும். இனி சி7 மூன்றாவது ஃப்ரெட்டில், எஃப்7 எட்டில், ஜி7 பத்தில். இழப்பு கீழ் சி மட்டுமே. பேஸ் வாசிக்க ஆள் இருக்கும் குழுவில் அதைத் தேடவே மாட்டீர்கள். எங்கள் பரிந்துரை இந்த மாற்றம்தான்.

ஸ்லாண்ட் (பாரைச் சாய்த்துப் பிடிப்பது) வைத்தால் இரண்டு சுரமும் அபஸ்வரமாகவே விழுகின்றன. எந்தத் தந்திகளில் தொடங்கலாம்?
– வாசகர், சேலம்

அடுத்தடுத்த தந்திகளில் தொடங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அது கடினமான வழி. 22.5 அங்குல ஸ்டீலில் 3-ஆவது, 4-ஆவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே 27 மி.மீ. இருக்கிறது. தந்தி இடைவெளியோ சுமார் 9.5 மி.மீ. தான். பாரைக் கிட்டத்தட்ட தந்தியோடு சேர்த்துப் படுக்கவைக்க வேண்டியிருக்கும்.

5-ஆவது, 2-ஆவது தந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடையே மூன்று இடைவெளி, சுமார் 28 மி.மீ. அப்போது பார் 45 பாகைக்கு மேல் சாயாது. பாரின் முனை பிரிட்ஜ் பக்கம் போகும் முன்சாய்வு இது. சி மேஜரில் ஏறும் வரிசை: 5-ஆவது தந்தி 3-இல், 2-ஆவது தந்தி 4-இல் (சாய்வு), இரண்டும் 5-இல் (நேர்), இரண்டும் 7-இல், பிறகு 8–9 சாய்வு, 10–11 சாய்வு, கடைசியில் 12-இல் நேர். ஸ்விங் பாட்டுகளின் பல இடைநிரப்பல்கள் இந்த ஆறு இடங்களிலிருந்தே பிறக்கின்றன.

கட்டைவிரலால் ஐந்தாவது தந்தி, நடுவிரலால் இரண்டாவது. நடுவில் உள்ள 3, 4 தந்திகளைத் தொடாதீர்கள். சாய்வின் அடியில் அவை பொருந்தாத சுரத்தில் நிற்கும்.

சுருதி பிசகுவதற்கு முக்கியக் காரணம் எல்லா இடத்திலும் ஒரே கோணத்தில் சாய்ப்பது. ஃப்ரெட் இடைவெளி மேலே போகப்போகச் சுருங்கும்: 8–9 நடுவே 20 மி.மீ., 10–11 நடுவே 18. கோணமும் கூடவே குறைய வேண்டும். பயிற்சியில் முதலில் ஐந்தாவது தந்தியை மட்டும் மீட்டிச் சரிபார்த்து, பாரின் பின்பாகத்தை அசைக்காமல் முனையை மட்டும் நகர்த்தி இரண்டாவதைச் சேருங்கள். கண் நேர் மேலே இருக்கட்டும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் ஃப்ரெட் கோடு தள்ளித் தெரியும்.

பின்சாய்வை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சித்திரவீணை வாசிக்கிறேன். அந்தக் கைப்பழக்கம் ஸ்விங் ஸ்டீலுக்கு உதவுமா, இடைஞ்சலா?
– வாசகர், சென்னை

இரண்டும். ஃப்ரெட் இல்லாத இடத்தில் காதை நம்பிச் சுரஸ்தானத்தில் நிற்கும் பழக்கம் பெரிய சொத்து. மற்றவர்கள் பல மாதம் போராடிப் பிடிப்பது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. கட்டையை நகர்த்தும்போது அழுத்தம் மாறாமல் வைத்திருப்பதும் அப்படியே பயன்படும்.

இடைஞ்சல் கமகம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவதே உங்கள் கைக்கு இயல்பு. ஸ்விங்கில் அது விதிவிலக்காக மட்டுமே வரும்: வாக்கியத்தின் முதல் சுரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழிருந்து ஏறுவது, கடைசிக் கார்டை இறக்குவது, இப்படிச் சில இடங்களில். நடுவில் வரும் சுரங்கள் வெட்டாக விழ வேண்டும். இரண்டாவது சிரமம், நீங்கள் ஒற்றைத் தந்தியில் நினைத்துப் பழகியவர். இங்கே மூன்று, நான்கு தந்திகள் ஒரே நேரத்தில் சுருதி சேர வேண்டும். டெஃப்லான் கட்டை வைத்திருந்தால் அதைக் கொண்டுவர வேண்டாம். கார்டுகளுக்கு எஃகின் எடையும் துலக்கமும் தேவை.

தாளக் கணக்கில் உங்களுக்குக் கஷ்டமே இருக்காது. இரண்டு அரைத்தட்டுகளில் முதலாவதை நீட்டி, இரண்டாவதைக் குறுக்கும் ஸ்விங் நடைக்குத் திஸ்ர நடை நல்ல நுழைவாயில். மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பங்கு. வேகம் கூடும்போது இந்த விகிதம் சமத்தை நோக்கிப் போகும். அதை ஒலிப்பதிவோடு கூட வாசித்தே பிடிக்க முடியும்.

ட்யூனரில் எல்லாத் தந்தியும் பச்சை காட்டுகிறது. ஆனாலும் கார்ட் கசக்கிறது. ஏன்?
– வாசகர், திருச்சி

ட்யூனர் காட்டுவது பியானோவின் சம இடைவெளிச் சுரங்கள். அதில் ஈ சுரம் இயல்பான காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) உயரம், ஏ சுரம் சுமார் 16 சென்ட் உயரம். தம்புராவோடு அந்தர காந்தாரம் பாடியவர்களுக்கு இது காதிலேயே தெரியும். நீண்டு ஒலிக்கும் ஸ்டீல் கார்டில் அந்த வேறுபாடு அலையலையாகத் துடிக்கும்.

சி, ஜி தந்திகளைப் பூஜ்யத்தில் வையுங்கள். இரண்டு ஈ தந்திகளையும் ஏ தந்தியையும் 6 முதல் 8 சென்ட் இறக்குங்கள். முழு 14 இறக்கினால் தனியாக வாசிக்கத் தேனாக இருக்கும், ஆனால் பியானோவோடும் ஃபிடிலோடும் சேரும்போது தாழ்ந்து கேட்கும். ஈ-யை மட்டும் இறக்கி ஏ-யை விட்டுவிட்டால் மேல் மூன்று தந்தியின் மைனர் கார்ட் கெடும். இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள்.

'பூ...வா' என்று குழந்தை அழுவது போன்ற ஒலி எப்படி வருகிறது? வா-வா பெடலா?
– வாசகர், பினாங்கு

பெடல் இல்லை, டோன் குமிழ். முழுவதும் மூடிவைத்து மீட்டி, உடனே வலக்கைச் சுண்டுவிரலால் திறக்க வேண்டும். குமிழ் மீட்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால்தான் முடியும்.

திருப்பும்போது கடைசி நூலிழையில் மட்டும் ஒலி மாறினால் உள்ளே லீனியர் வகை பாட் (குமிழ் திருப்பும் மின்தடை) இருக்கிறது என்று பொருள். ஆடியோ டேப்பர் வகைக்கு மாற்றுங்கள். கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட் போதும்.

பெடல் ஸ்டீல் (காலால் மிதித்துத் தந்தியின் சுரத்தை மாற்றும் ஸ்டீல் கிட்டார்) வாங்கினால் இந்த ஸ்லாண்ட் தொல்லையெல்லாம் இல்லையே?
– வாசகர், மதுரை

உண்மைதான். 1954-இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில் பட் ஐசக்ஸ் பெடல் ஒலியைப் பிரபலமாக்கியபின் கன்ட்ரி இசை அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் நீங்கள் விரும்புவது 1930, 40-களின் ஸ்விங் என்றால், அந்த வாசிப்பு பெரும்பாலும் பெடல் இல்லாதது. பெடலில் சுரம் வளைந்து போய்ச் சேரும். ஸ்விங்குக்கு அது வேறு குரல். இரட்டைக் கழுத்துப் பெடல் ஸ்டீலின் ஒரு கழுத்து இன்றும் சி6 வழி வந்ததுதான். இங்கே கற்பது அங்கே வீணாகாது.

யாரையெல்லாம் கேட்க வேண்டும்? 'ஸ்டீல் கிட்டார் ராக்' யாருடைய பாட்டு?
– வாசகர், கொழும்பு

லியோன் மெக்காலிஃப் 1936-இல் பாப் வில்ஸ் குழுவோடு பதிவுசெய்து புகழ்பெற்றது. ஆனால் அதன் வேர், லூயிவில் நகரைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் சில்வெஸ்டர் வீவர் 1923-இலேயே பதிவுசெய்த 'கிட்டார் ராக்'. அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், எது எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

பாப் டன்னின் 'டேக்கிங் ஆஃப்' வெட்டுக்கு. மெக்காலிஃபும் கிட்டார்க்காரர் எல்டன் ஷாம்ப்ளினும் சேர்ந்த 1941-இன் 'ட்வின் கிட்டார் ஸ்பெஷல்' இணைச்சுர வாசிப்புக்கு. அதில் ஸ்டீல் மேலே போகிறதா, கிட்டார் மேலே போகிறதா என்று காகிதத்தில் குறித்துக்கொண்டே கேளுங்கள். ஸ்பேட் கூலி குழுவில் வாக்கின் மர்ஃபி வாசித்த ஒற்றைத் தந்தி ஓட்டங்கள் அந்தக் காலத்தின் உச்சம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. கடைசியாக, 1946–47-இல் வானொலிக்காகப் பதிவான பாப் வில்ஸின் டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்கள். ஹெர்ப் ரெமிங்டனும் நோயல் பாக்ஸும் அங்கே கைகட்டு இல்லாமல் வாசிக்கிறார்கள்.

வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கும்போது சுரத்தை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு சுரமும் எங்கே நிற்கிறது என்பதையும் குறியுங்கள்.

பார் கீழே விழுந்து கீறல் விட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

வேண்டாம். குரோம் பூச்சுள்ள பார் என்றால் பூச்சு உரிந்து, கடற்காற்றில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இடம் சுற்றுத்தந்தியில் அரம் போல உரசும். உருண்டைப் பாரில் எந்தப் பக்கமும் தந்தியில் படலாம். கீறல் மேலே வருமாறு திருப்பிப் பிடித்தால் போதும். கீறலுக்கு நேரே ஆள்காட்டி விரல் படியும்படி ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகப் பாருங்கள்.